ஸ்லீவ் முடிந்து 4 வருஷம், எடை ஏறுது: மறு ஆபரேஷன்தான் வழியா?

கேள்வி (களியக்காவிளை):
அக்காவுக்கு திருவனந்தபுரத்தில் ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, குழாய் மாதிரி ஆக்குறது) நடந்தது. முன்பு 112 கிலோ, 16-ஆம் மாதம் 74, இப்போ 85. வாந்தி, நெஞ்செரிச்சல் கிடையாது. இரைப்பை விரிஞ்சிருக்கும், பைபாஸாக (சின்ன இரைப்பைப் பையை நேரா சிறுகுடலோட இணைக்கிற ஆபரேஷன்) மாத்திடலாம்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

பதில் 1:
குறைஞ்சது 38 கிலோ, திரும்பினது 11. அதாவது 29 சதவீதம். அடிமட்ட எடையைத் தொட்ட பிறகு கொஞ்சம் ஏறுறது சகஜம். இது அதைவிடக் கூடுதல். ஆனா அக்காவைக் குறை சொல்லாதீங்க. இளைச்ச உடம்பு பசியைக் கூட்டும், சும்மா இருக்கும்போது செலவாகிற கலோரியைக் குறைக்கும்.

புதுசா இன்சுலின், ஸ்டீராய்டு, வால்ப்ரோயேட் (வலிப்பு மருந்து), ஒலான்சபின் (மனநல மருந்து), அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வு, நரம்பு வலி மருந்து) ஏதாவது சேர்ந்ததான்னு பாருங்க. இருந்தா டாக்டரிடம் மாற்று கேளுங்க, தானா நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டு), எச்பிஏ1சி (மூணு மாச சர்க்கரை சராசரி), ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி, கால்சியம் பாருங்க.

பதில் 2:
பெரும்பாலும் வழுக்கி இறங்குற சாப்பாடுதான் காரணம். சாளை (மத்தி மீன்) துண்டு வயித்தில் நின்னு நிறைவு தரும். ஏத்தங்காய் சிப்ஸும் பாயசமும் நிக்காது. 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல், கொறிச்சுக் கொறிச்சே தீர்ந்துபோகும். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட சாயா அஞ்சு குடிச்சா, அதிலேயே 160 முதல் 200 கலோரி.

தட்டில் மீன் முதல், பிறகு தோரன் (தேங்காய் போட்ட காய்கறிப் பொரியல்), கடைசியில் ரெண்டு மூணு ஸ்பூன் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு). மரச்சீனியில் தொடங்கினா மீனுக்கு இடம் இருக்காது. சாப்பாட்டோட தண்ணீர் வேண்டாம், முடிஞ்சு 30 நிமிஷம் ஆகட்டும்.

புரதம் தினம் குறைஞ்சது 60 கிராம்: 2 முட்டை 12, சாளை 150 கிராம் 30, வெந்த கொண்டைக்கடலை 100 கிராம் 8, தயிர் 200 கிராம் 7. ஒரு டம்ளர் பால் சேர்த்தா 60 தாண்டும். ஏழு நாள் எல்லாத்தையும் நேரத்தோட எழுதுங்க; அந்தத் தாளிலேயே விடை கிடைக்கும்.

பதில் 3:
மறு ஆபரேஷனுக்கு முன் எண்டோஸ்கோப்பியும், மருந்து குடிக்க வெச்சு எடுக்கிற எக்ஸ்-ரேயும் அவசியம். இரைப்பையின் மேல் பகுதி முதல் தடவையே சரியா வெட்டப்படாம மிஞ்சியிருக்கா, ஹெர்னியா (இரைப்பை நெஞ்சுப் பக்கம் ஏறி நிக்கிறது) உண்டான்னு அதில் தெரியும். ஸ்லீவ் கொஞ்சம் விரியறது இயல்பு, அது மட்டுமே காரணம் ஆகாது. பைபாஸாக மாத்துறது அமில எதுக்களிப்புக்கு நல்ல பலன் தரும். அக்காவுக்கு அது இல்லை. எடைக்காக மட்டும் என்றால் முதல் ஆபரேஷனைவிட ஆபத்து கூடுதல். அதன் பிறகு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது. இணைப்பு இடத்தில் புண் வரும்.

மறு ஆபரேஷனுக்கு முந்தி செமாக்ளூடைட் (பசியைக் குறைக்கிற மருந்து) ஊசியைக் கேட்டுப் பாருங்க: வாரம் ஒண்ணு, 0.25 மில்லிகிராமில் தொடங்கி 4 வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவாங்க. கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ முதலிலேயே சொல்லணும். நிறுத்தினா எடை திரும்பும். தசை கரையாம இருக்க வாரம் 2-3 நாள் பளு தூக்கும் பயிற்சி வேணும். வாந்தி நிக்காம போனா தயமின் (வைட்டமின் பி1) குறையும், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எங்கே காட்டினாலும் பழைய ஆபரேஷன் நோட்டின் நகலை வாங்கிட்டுப் போங்க. எந்த அளவுக் குழாயை வெச்சு வெட்டினாங்கன்னு அதில்தான் இருக்கும்.