மலையை முக்கோணமாக்கினால் மலை காணாமல் போகிறதே?

கேள்வி:
நிலக்காட்சிகளை வடிவியல் உருவங்களாகக் குறைத்து லினோகட்டில் (லினோலியம் பலகையைச் செதுக்கி, மை பூசித் தாளில் ஒற்றும் முறை) அச்சிடுகிறேன். மலைக்கு முக்கோணம், ஏரிக்குப் பட்டை, சூரியனுக்கு வட்டம். விளிம்பெல்லாம் கூர்மையாகத்தான் விழுகிறது, ஆனால் சுவரில் மாட்டினால் ஆழமும் இல்லை வெளிச்சமும் இல்லை, வெறும் டைல்ஸ் டிசைன். அரூபமாகவே வைத்துக்கொண்டு அந்த இடத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது?

பதில் 1:
ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வடிவம் என்று ஒதுக்கியதுமே படம் குறியீடாகிவிடும். பொருளை விடுங்கள், அவற்றுக்கு நடுவில் உள்ள இடைவெளியை வரையுங்கள். டச்சு அரூப ஓவியர் மோண்ட்ரியான் 1915 வாக்கில் கடலை வைத்துச் செய்ததைத் தேடிப் பாருங்கள் (அச்சு இல்லை, ஆனாலும் பாடம் இதேதான்). குட்டிக் குட்டியாகக் கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் மட்டுமே, ஒரு அலைகூட வரையவில்லை, ஆனால் கோடுகள் எங்கே நெருங்குகின்றன எங்கே விலகுகின்றன என்பதிலேயே தண்ணீர் மினுங்குகிறது.

பதில் 2:
இடைவெளி சரி, எனக்கென்னவோ சிக்கல் மையில் இருக்கிறது என்றுதான் படுகிறது. எல்லா நிறமும் ஒரே அடர்த்தியில் இருந்தால் எல்லாம் ஒரே தளத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். தூரத்து மலை வெளிறி நீலம் பாய்ந்து தெரிவது இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால், அதனால் பின்னால் இருக்கும் வடிவத்துக்கான மையில் எக்ஸ்டெண்டர் (மையின் நிறத்தை வெளிறச் செய்யும் நிறமற்ற கலவை) தாராளமாகக் கலந்து நீர்த்த நிறமாக்குங்கள்.

ஜப்பானிய அச்சோவியர் ஹொகுசாயின் செந்நிற ஃபூஜி மலை அச்சு, 1830களின் தொடக்கத்தில் வந்தது, கிட்டத்தட்ட ஒற்றை முக்கோணம்தான்! உச்சியின் கரும்பழுப்பு சிவப்பாகி அடிவாரத்தில் பச்சையாகக் கரைகிறது, அந்தக் கரைதல்தான் அதை மலையாக்குகிறது. லினோவில் இதற்கு ரெயின்போ ரோல் போதும்: இரண்டு மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ரோலரால், திசை மாற்றாமல், நடுவில் கலக்கும்வரை உருட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஓ, நிறத்தின் அடர்த்தியை நான் யோசிக்கவே இல்லை. ஒரே பலகையைச் செதுக்கிச் செதுக்கி அச்சிடும் ரிடக்‌ஷன் முறையில் இது நடக்குமா?

பதில் 2:
தாராளமாக நடக்கும், அந்த முறையில் எப்படியும் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில்தானே முடிக்கிறோம். அப்புறம், செதுக்கிய இடம் திரும்ப வராது என்பதால் முதல் நிறத்திலேயே தாள்களைக் கூடுதலாக அச்சிட்டு வைத்துவிடுங்கள். அச்சில் இடம் வலம் மாறும், சரிவு எந்தப் பக்கம் இறங்கவேண்டும் என்று ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.