புதுப்பிப்பு: கியர்பாக்ஸ் தகராறு நுகர்வோர் ஆணையத்துக்குப் போயாச்சு
வாங்கிய 8 மாதத்தில் கியர்பாக்ஸ் கோளாறால் 5 தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போன புதுக் காரைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கொடுத்த புகாருக்கு டீலர் "எல்லாம் நார்மல்தான்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார். சரி என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போட்டாச்சு. கொடுத்த விலை 9 லட்சம் என்பதால் கட்டணம் வெறும் 200 ரூபாய் (50 லட்சம் வரை மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள்). தயாரிப்பு நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்திருக்கிறேன், இல்லையென்றால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டியே காலத்தை ஓட்டிவிடுவார்கள். உற்பத்திக் குறைபாட்டை நிரூபிப்பது நம் தலையில்தான், நிபுணர் அறிக்கை வேண்டும் என்றார் வக்கீல். அதனால் ஆணையமே வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். அப்புறம், ஜாப் கார்டில் (வண்டியில் செய்த வேலைகளை சர்வீஸ்காரர்கள் எழுதித் தரும் தாள்) "சரிசெய்யப்பட்டது" என்று எழுதி நீட்டினால் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், நான் 3 தடவை போட்டுத் தொலைத்தேன்.