ஜப்பானில் நாரா பக்கத்தில் உள்ள தென்ரி நகரத்துக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

ஒசாகாவாசி:
அங்கே தென்ரிக்யோ என்ற மதத்தின் தலைமைக் கோயிலைச் சுற்றி ஓடும் அந்த மர நடைபாதை தெரியும்தானே, ஏறக்குறைய 800 மீட்டர்? கறுப்பு ஹாப்பி கோட் (ஜப்பானியத் தளர்வான மேலங்கி) போட்ட ஒரு பெரியவர் மண்டியிட்டு, வாய்க்குள் பாடியபடி துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தரை ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. நான் விலகி நின்றேன். குனிந்து வணங்கிவிட்டு, நான் நின்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை துடைத்தார். என் சாக்ஸ் அவ்வளவு மோசமா என்று இன்னும் உறுத்துகிறது.

மல்லிப்பூ:
அது ஹினோகிஷின், நன்றிக்காகச் செய்யும் சேவை. சாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் மறக்காதது வேறு. இந்த மதத்தைத் தோற்றுவித்த நகயாமா மிகி 1887இல் போய்ச் சேர்ந்தவர். உயிரோடு இருப்பதாகவே நம்பி அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு வைக்கிறார்கள். "இப்போதுதான் காலைச் சாப்பாடு ஆனது" என்று ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார், உள்ளறையில் இருக்கும் மாமியாரைப் பற்றிச் சொல்வதுபோல.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் உருகுகிறீர்கள். 1954இல் ஊர்களை ஒன்றாக்கி, நகரத்துக்கே மதத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம், மருத்துவமனை, நூலகம், ஜூடோ எல்லாம் அவர்களுடையது. நம்பாதவர் அங்கே எப்படிக் குடியிருப்பார்?

மல்லிப்பூ:
குடியிருக்கிறார்கள், நிறையப் பேர். கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். யாரும் என்னை மதம் மாறச் சொல்லவும் இல்லை.

ரயில்பிரியன்:
நான் ராத்திரியில் போனேன், வழிபாட்டு மண்டபம் எப்போதும் திறந்திருக்கும். நடுவில் நிற்கும் புனிதத் தூணான கன்ரோதாய்க்கு நேர்மேலே கூரை கிடையாது, மழை உள்ளேயே விழுந்தது. அவ்வளவுதான். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: நாராவிலிருந்து ஜேஆர் சகுராய் ரயில் பாதையில் போகலாம், கின்தெட்சு என்ற தனியார் ரயிலிலும் போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் மெல்லிய சாக்ஸ் வேண்டாம், கனமானது போடுங்கள். உள்ளே படம் எடுக்காதீர்கள். மாதா மாதம் 26ஆம் தேதி பெரிய வழிபாடு, கூட்டம் பிடிக்காதவர்கள் தவிர்க்கலாம். கோடையில் குழந்தைகள் விழா, ஊரே நிரம்பிவிடும். அப்புறம் அதே ஊரில் உள்ள இசோனோகாமி ஷின்டோ ஆலயத்தில் கோழிகள் தாராளமாகத் திரியும், சாப்பாட்டுப் பையைக் கையிலேயே வைத்திருங்கள். காரசாரமான தென்ரி ராமெனில் (நூடுல்ஸ் சூப்) சீன முட்டைக்கோசு தூக்கலாக இருக்கும்.

ஒசாகாவாசி:
நான் ரயிலா கேட்டேன்? அவர் பாடியது என்ன பாட்டு, யாருக்காவது தெரியுமா?