ஆவடி போன்ற வளரும் நகரங்களில் குப்பைமேடு எழாமல் தடுப்பது எப்படி?

கேள்வி (கொடுங்கையூர்):
எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டை இப்போது பயோமைனிங் முறையில் அகழ்ந்து பிரிக்கிறார்கள். என் தங்கை குடியிருக்கும் ஆவடி, 2019-இல்தான் மாநகராட்சியானது. அங்கும் இப்படியொரு மேடு உருவாகாமலிருக்க முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பதில் (வியாசர்பாடி):
ஐயா, ஈரக்கழிவிலிருந்து தொடங்க வேண்டும். நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறையப் பாதி சமையற்கழிவுதான். அது பிளாஸ்டிக்கோடு கலந்து காற்றுப்படாமல் புதையும்போது மீத்தேன் உருவாகி, கோடையில் மேடு பற்றி எரியவும், கசியும் சாற்றால் நிலத்தடி நீர் கெடவும் வழியாகிறது. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரம், உலர், வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. ஆனால், எங்கள் தெருவில் நடப்பதுபோல, பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் சேர்த்துக் கொட்டினால் மறுநாள் யார் பிரிப்பார்கள்?

பதில் (தண்டையார்பேட்டை):
வண்டியைவிட இடமே பெரிய சிக்கல் என்பது என் கருத்து. மனைப்பிரிவுகளுக்கு அனுமதி வழங்கும்போதே வார்டுதோறும் உரம் தயாரிக்க நிலம் ஒதுக்கிவிட வேண்டும்; வீடுகள் நிறைந்தபின் எவரும் விட்டுத்தர மாட்டார்கள். எரிஉலையை நம்புவதும் சரியன்று, ஈரம் மிகுந்த நம் குப்பை நன்றாக எரியாது. குப்பை பொறுக்குவோரையும் காயலான் கடைக்காரர்களையும் திட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். உலர்கழிவின் தரம் அறிந்தவர்கள் அவர்களே.

கேட்டவர்:
நன்றி. வார்டு உறுப்பினரிடம் நிலம் பற்றியே முதலில் மனு கொடுக்குமாறு தங்கையிடம் சொல்கிறேன்.