சாய்வுக் கழுத்து புட்டர் வாங்கியதிலிருந்து பந்து வலப்பக்கமே போகிறது, கழுத்தை மாற்றுவதா?

வாரக்கடைசி14:

வணக்கம். கோல்ஃபில் வலக்கை ஆட்டம், ஹேண்டிகேப் (திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 14, கோவையில் சனி ஞாயிறு மட்டும் ஆடுகிறவன். ஆறு வருடமாக ஒரு பழைய பிளேடு (மெல்லிய தலை) புட்டர், அதாவது பந்தைக் குழிக்கு உருட்டுகிற குச்சி, வைத்திருந்தேன். தலையை ஷாஃப்டோடு (தண்டோடு) சேர்க்கிற கழுத்து, தண்ணீர்க் குழாயில் எல்போ போட்ட மாதிரி மடிந்து நிற்குமே, பிளம்பர் நெக், அந்த வகை.

போன மாதம் மேலட் (பருத்த தலை) ஒன்று வாங்கினேன். குட்டையான சாய்வுக் கழுத்து. என் ஸ்ட்ரோக்கை ஃபோனில் படம் பிடித்துப் பார்த்ததில், புட்டர் உட்பக்கமாகப் போய் உட்பக்கமாகவே திரும்புகிற வளைவு நன்றாகத் தெரிந்தது. வளைவு ஸ்ட்ரோக் என்றால் டோ (தலையின் முனை) தொங்குகிற புட்டர், நேர் ஸ்ட்ரோக் என்றால் ஃபேஸ் பேலன்ஸ் (விரல்மேல் வைத்தால் பந்தில் படும் முகம் வானத்தைப் பார்ப்பது) என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். அதன்படிதான் எடுத்தேன்.

மூன்று வாரமாக 5 அடி, 6 அடி புட் எல்லாம் குழியின் வலது விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. நீளமான புட் பரவாயில்லை. டோ தொங்காத டபுள் பெண்ட் (இரட்டை மடிப்பு) கழுத்துக்கு மாறலாமா? இல்லை, இதே கழுத்தைப் பட்டறையில் கொடுத்து வளைத்துக்கொள்ள முடியுமா? ஏற்கெனவே வீட்டில் “இது எத்தனையாவது குச்சி?” என்ற கேள்வி வந்துவிட்டது.

பேர்டி_பித்தன்:

டோ தொங்கல் அதிகம், அவ்வளவுதான். முனைக் கனத்தில் முகம் மூடாமல் பின்தங்குகிறது, பந்து வலப்பக்கம் போகிறது. டபுள் பெண்ட் எடுங்கள். எனக்கும் இதே கதைதான், மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஊட்டிக்குளிர்:

நான் கேள்விப்பட்டது நேர்மாறாக இருக்கிறதே. வளைவு ஸ்ட்ரோக்காரர் கையில் ஃபேஸ் பேலன்ஸ் கொடுத்தால்தான் முகம் போதிய அளவு திரும்பாமல் வலப்பக்கம் தள்ளும் என்று கடைக்காரர் எனக்குச் சொன்னார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

மூலைமட்டம்:

இரண்டு பேர் சொல்வதும் புழக்கத்தில் இருக்கிற விதிகள்தான். குழப்பமே அங்குதான்.

பித்தன் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது. ஷாஃப்டின் கோடு தலையின் எடை மையத்துக்கு நேராக வராமல் ஹீல் (ஆட்டக்காரர் நிற்கிற) பக்கம் தள்ளி விழுந்தால், தலையின் கனம் முனைப்பக்கம் மிஞ்சி நிற்கும். முன்னால் வேகம் கொடுத்து இழுக்கும்போது அந்தக் கனம் பின்தங்கும், முகம் கொஞ்சம் திறக்கும். வலப்பக்கம் தவறவிடுகிறவர் தொங்கலைக் குறைக்க வேண்டும் என்பது இதிலிருந்து வந்தது. ஊட்டிக்காரர் சொல்வது பொருத்தம் பார்க்கிற விதி. இயல்பாகவே முகத்தைத் திறந்து மூடுகிற கைக்கு, அப்படித் திரும்புகிற புட்டரே சுகமாக இருக்கும் என்பது அதன் கணக்கு. கையைப் பொறுத்து இரண்டுமே பலித்துப் பார்த்திருக்கிறேன்.

வாரக்கடைசி சார், இந்த இரண்டில் எது என்று பார்ப்பதற்கு முன்னால் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும். பந்தை அடிப்பதற்கு முன்பே, நீங்கள் குறிவைத்து நிற்கும்போதே, புட்டரின் முகம் எங்கே பார்க்கிறது?

வீட்டில் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் செட் ஸ்கொயர் இருக்கும். தச்சரிடம் மூலைமட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. 6 அடி தூரத்தில் சரிவில்லாத தரையில் குறிவைத்து நில்லுங்கள். நின்றதும் அசையாதீர்கள். ஒருவர் பந்தை எடுத்துவிட்டு, மட்டத்தின் ஒரு கையை முகத்தோடு ஒட்டவைத்து, மற்ற கை காட்டும் நேரில் ஒரு நூல் பிடித்துப் பார்க்கட்டும். பத்துத் தடவை. நீங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பதினோராவது தடவை கை தானாகத் திருத்திக்கொள்ளும். பழைய பிளேடையும் இதேபோல் பத்துத் தடவை சோதியுங்கள்.

அப்புறம் இரண்டு புட்டரையும் விரல்மேல் படுக்கவைத்து டோ எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லுங்கள். கடிகாரத்தில் 6 மணி போல நேரே கீழே தொங்கினால் முழுத் தொங்கல். 3 மணி போலத் தரைக்கு இணையாக நின்று முகம் வானத்தைப் பார்த்தால் ஃபேஸ் பேலன்ஸ். குறிவைத்து நிற்கும்போது மேலிருந்து பார்த்தால் முகத்தின் கோடு ஷாஃப்டுக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதும் வேண்டும்.

வாரக்கடைசி14:

மனைவிதான் மட்டம் பிடித்தாள். சிரிப்புக்கு நடுவே எடுத்த அளவு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பழைய பிளேடு: டோ ஏறக்குறைய நாலரை மணி. மேலிருந்து பார்த்தால் முகம் ஒரு முழு ஷாஃப்ட் அகலம் பின்வாங்கி இருக்கிறது. பத்தில் ஏழு தடவை குழி நடுவிலிருந்து அரை அங்குலத்துக்குள். மீதி மூன்றும் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் இரண்டு.

புது மேலட்: டோ 5 மணி. முகத்தின் முன்விளிம்பும் ஷாஃப்டின் முன்விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே நேரில். பத்தில் எட்டு தடவை வலப்பக்கம் பார்க்கிறது, சுமார் 2 அங்குலம். எனக்கோ நேராக நிற்கிற மாதிரியேதான் தோன்றியது!

மூலைமட்டம்:

விடை உங்கள் அளவிலேயே இருக்கிறது. தொங்கலில் பழையதற்கும் புதியதற்கும் அரை மணிதான் வித்தியாசம். ஆஃப்செட், அதாவது முகம் ஷாஃப்டுக்குப் பின்வாங்கி நிற்கும் அளவு, மட்டும் ஒரு முழு ஷாஃப்டிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது.

கழுத்து என்றால் எல்லோரும் தொங்கலை மட்டும் பேசுகிறோம். கழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஷாஃப்டுக்கு எவ்வளவு பின்னால் முகத்தை வைப்பது என்று தீர்மானிப்பதும் அதுதான். நிற்கும்போது உங்கள் கண்ணில் படுவது இந்த இரண்டாவது விஷயம்தான். தொங்கல் கண்ணுக்குத் தெரியாது. ஆறு வருடம் பின்வாங்கிய முகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பின்வாங்காத முகம் இடப்பக்கம் மூடிய மாதிரித் தெரிந்திருக்கலாம். அதைச் சரிசெய்வதாக நினைத்து நீங்கள் வலப்பக்கம் திறந்து வைக்கிறீர்கள். எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆஃப்செட் இல்லாமல் குறி நேராகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அளக்கச் சொன்னேன்.

கணக்கும் ஒத்துப்போகிறது. முகம் 1 டிகிரி திரும்பினால் 6 அடியில் குறி சுமார் ஒன்றேகால் அங்குலம் விலகும். உங்கள் 2 அங்குலம் என்பது ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். குழியின் விட்டம் 4.25 அங்குலம், நடுவிலிருந்து விளிம்புக்கு 2.125. அதாவது நீங்கள் குறிவைத்ததே வலது விளிம்பை. பந்து சொன்னபடி கேட்டிருக்கிறது, பாவம்.

நீளமான புட் பரவாயில்லை என்றீர்களே, அதே கோணம் 30 அடியில் 10 அங்குலம். அந்தத் தூரத்தில் 10 அங்குலம் தள்ளி நின்றால் “பக்கத்தில் போட்டேன்” என்று நாமெல்லாம் சந்தோஷப்படுவோம்.

டபுள் பெண்டுக்குத் தாவாதீர்கள். பெரும்பாலும் அதில் ஆஃப்செட் இருக்கும், குறி சரியாகலாம். ஆனால் தொங்கல் ஒரேயடியாகப் போய்விடும். ஒன்றைச் சரிசெய்ய இரண்டை மாற்றினால் அடுத்த மாதம் மறுபடி இங்கே வந்து கேட்பீர்கள்.

பட்டறைக்காரன்:

வளைப்பது பற்றிக் கேட்டிருந்தார். உங்கள் சாய்வுக் கழுத்து தலையோடு சேர்ந்த வார்ப்பு என்றால், வளைத்து ஆஃப்செட் வரவழைக்க முடியாது. லை கோணத்தை (ஷாஃப்ட் தரையோடு சாய்ந்து நிற்கும் கோணம்) ஒன்றிரண்டு டிகிரி மாற்றலாம், அதுவும் உலோகத்தைப் பொறுத்தது. மென்மையான கார்பன் ஸ்டீல் வளைந்து கொடுக்கும், ஸ்டெயின்லெஸ் முரண்டு பிடிக்கும். அலுமினியத் தலையாக இருந்தால் யார் சொன்னாலும் வைஸில் மாட்ட விடாதீர்கள், விரிசல் விடும்.

டபுள் பெண்ட் என்பது உண்மையில் கழுத்தே இல்லை. ஷாஃப்டின் அடிப்பக்கத்தை இரண்டு இடத்தில் மடித்து நேரே தலைக்குள் இறக்குவது. தலையில் ஷாஃப்ட் இறங்க ஓட்டை இருந்தால்தான் ஆகும். கழுத்தோடு வார்த்த தலைக்கு அது ஆகாது.

தானே மடித்துப் பார்க்கிற ஆசை யாருக்காவது இருந்தால்: மடிப்பெல்லாம் அடிப்பரப்பிலிருந்து 5 அங்குலத்துக்குள் முடிந்துவிட வேண்டும், அதற்கு மேல் ஷாஃப்ட் நேராக இருக்க வேண்டும், செங்குத்திலிருந்து 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும் என்று விதி. ஷாஃப்டைத் தலையில் எந்த இடத்தில் பொருத்தலாம் என்பதில் மட்டும் புட்டருக்கு முழுச் சுதந்திரம்.

ஊட்டிக்குளிர்:

அந்தச் சுதந்திரமும் சும்மா வரவில்லை. 1904-இல் வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், தலையின் நடுப்பக்கம் ஷாஃப்ட் இறங்கும் ஸ்கெனெக்டடி புட்டரோடு இங்கிலாந்துக்குப் போய் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். சில வருடங்களில், கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அந்த வகையையே தடை செய்தது. தடை நீங்க 1950-கள் ஆகிவிட்டது.

பிளம்பர் நெக்கைப் பிரபலமாக்கியது பிங் கம்பெனியின் ஆன்சர் புட்டர். பிங்கைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1966-இல் ஒரு இசைத்தட்டின் உறைமேல் வரைந்த படம். 1969 மாஸ்டர்ஸ் போட்டியை ஜார்ஜ் ஆர்ச்சர் வென்றது அந்தப் புட்டரோடுதான்.

பேர்டி_பித்தன்:

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். என் வைத்தியம் எனக்குப் பலித்தது, அவருக்கு இல்லை. ஒரு சந்தேகம்: மேலட் தலையே வேண்டும், பழைய கழுத்தும் வேண்டும் என்றால் அப்படிக் கிடைக்குமா?

மூலைமட்டம்:

தாராளமாக. அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 மார்ச்சில் டெய்லர்மேட் ஸ்பைடர் மேலட்டுக்கு மாறியபோது எடுத்தது அதைத்தான்: எல் வடிவக் கழுத்து, அதாவது பிளம்பர் நெக்கின் உறவுக்காரன். அந்த வாரமே ஆர்னால்டு பால்மர் போட்டியை வென்றார். ஒரே தலையை இரண்டு மூன்று கழுத்தோடு விற்கிற கம்பெனிகள் நிறைய.

கடைக்குப் போகும்போது மட்டத்தையும் எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டால் இன்னொரு குச்சிக்குக் காசு போகும். அதற்கு முன் ஒரு சோதனை: புது மேலட்டின் பின்னால் நீளமாக ஒரு வெள்ளைக்கோடு இருந்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மறைத்துவிட்டு மறுபடி பத்துத் தடவை பாருங்கள். சிலருக்குக் கண்ணை இழுப்பது அந்தக் கோடுதான். பயிற்சியில் மட்டும், போட்டிக்குப் போகும்போது பிய்த்துவிடுங்கள்.

வாரக்கடைசி14:

இரண்டு வாரம் கழித்துத் தகவல். டேப் ஒட்டியதில் 2 அங்குலம் ஒன்றரை ஆனது, அதற்கு மேல் அசையவில்லை. ஆகவே கோடு பாதிக் குற்றவாளிகூட இல்லை. கடையில் அதே மேலட் பிளம்பர் கழுத்தோடு இருந்தது. செட் ஸ்கொயரைப் பார்த்துக் கடைப் பையன் ஒரு மாதிரிப் பார்த்தான், பிறகு அவனே பிடித்துவிட்டான். பத்தில் எட்டு அரை அங்குலத்துக்குள். கொஞ்சம் பணம் மேலே கொடுத்து மாற்றிக்கொண்டேன். இந்த ஞாயிறு 6 அடிக்குள் இருந்த ஒன்பது புட்டில் ஏழு விழுந்தது.

விழாத இரண்டும் மறுபடி வலப்பக்கம்தான். இரண்டுமே இடமிருந்து வலம் சரிகிற கிரீன் (குழி இருக்கிற புல்தரை). இதற்கும் கழுத்தில் ஏதாவது செய்யலாமா?

மூலைமட்டம்:

அது கழுத்து இல்லை சார், நீங்கள் சரிவைக் குறைவாகக் கணக்கிடுகிறீர்கள். கேடி (கூட வந்து பை தூக்குகிற உதவியாளர்) சொல்கிற இடத்தில் குறி வையுங்கள்.