முன்பல் ஃபில்லிங் மட்டும் மஞ்சளாகிவிட்டது, அவசரம்

மாடிவீடு:
பல் நிறத்திலேயே வைத்த ஃபில்லிங் எட்டு மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. வியாழக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம், போட்டோவில் அது மட்டும் தனியாகத் தெரியும். கடையில் விற்கும் பல் வெளுக்கும் ஜெல் போட்டால் போய்விடுமா?

செம்பருத்தி:
மஞ்சள் தூள்தான் காரணம். நான் இரவில் மஞ்சள் போட்ட பால் குடித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் இப்படித்தான் ஆனது. பாலை நிறுத்துங்கள்.

வைகைக்கரை:
பல் மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறேன். ஜெல் வேண்டாம். அதிலுள்ள வெளுக்கும் மருந்தான பெராக்சைடு பல்லைத்தான் வெளுக்கும், காம்போசிட் (பல் நிற ஃபில்லிங் பிசின்) பெரும்பாலும் அப்படியே நிற்கும், வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். முழுதும் மஞ்சளா, ஓரத்தில் மட்டும் கோடா? ரூட் கேனால் செய்த பல்லா? டீ எத்தனை வேளை, மவுத்வாஷ் உண்டா?

பழையஆள்:
இதே கேள்வி எத்தனை முறை வந்துவிட்டது, தேடிப் பார்த்துவிட்டு எழுதப் பழகுங்கள். ஃபில்லிங்கை இறுக வைக்கும் நீல லைட்டைச் சரியாகக் காட்டவில்லை, அவ்வளவுதான். 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் அடிப்பக்கம் இறுகாது. இறுகாத பிசின் தண்ணீரை உறிஞ்சும், கூடவே சாயத்தையும்.

வைகைக்கரை:
4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கிற பல்க் ஃபில் வகையும் இருக்கிறது. அவர் எதுவுமே சொல்லாத நிலையில் டாக்டர் மேல் பழி போட வேண்டாம். நன்றாக இறுகிய காம்போசிட்டிலும் உள்ளே இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் நாளாக நாளாக ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும். மேலே பாலிஷ் குறைந்தால் கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

புளியந்தோப்பு:
இதற்கு அந்தக் காலத்து வெள்ளி அடைப்பே மேல். அப்பாவுக்கு முப்பது வருடமாக நிற்கிறது.

செம்பருத்தி:
முன்பல்லில் வெள்ளியா? அதில் ஏறக்குறைய பாதி பாதரசம்!

பழையஆள்:
கலவையாக இறுகிய பாதரசமும் தனிப் பாதரசமும் ஒன்றல்ல, அடிப்படையைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் அதை நிறுத்தியது முக்கியமாகச் சுற்றுச்சூழலுக்காக.

புளியந்தோப்பு:
அப்பாவின் பல் இன்றும் முறுக்கு கடிக்கிறது, எனக்கு அது போதும்.

மாடிவீடு:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். மேல் முன்பல், ரூட் கேனால் இல்லை. முழுதும் பழுப்பு கலந்த மஞ்சள். ஈறு வீங்கியதற்கு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார்கள், நன்றாக இருக்கிறதே என்று மூன்று மாதமாகக் கொப்பளிக்கிறேன். டீ நாளைக்கு ஐந்து.

வைகைக்கரை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அந்த மருந்தும் டீயில் உள்ள டானினும் சேர்ந்தால் பழுப்புக் கறை பிடிக்கும். மேலோடு ஒட்டிய கறை என்றால் பாலிஷ் போட்டாலே போகும், ஃபில்லிங்கை எடுக்கத் தேவையில்லை. அதுவரை கரி, சோடா உப்பு வைத்துத் தேய்க்காதீர்கள், சொரசொரப்பானால் கறை இன்னும் அதிகம் ஏறும்.

மாடிவீடு:
பாலிஷ் போட்டார்கள், முக்கால்வாசி போய்விட்டது. ஈறுப் பக்கம் மெல்லிய கோடு மட்டும் நிற்கிறது. நன்றி.

வைகைக்கரை:
அந்தக் கோடு பாலிஷுக்கும் போகவில்லையென்றால் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கலாம், உள்ளே சொத்தை பிடிக்கும். நிச்சயம் முடிந்ததும் காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

செம்பருத்தி:
மூன்று வாரம் ஆயிற்று, காட்டினீர்களா?