பாரோ ரோபோவை அம்மாவின் மடியில் வைக்கலாமா?

நெய்தல்: அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், பாரோ என்ற ரோபோவை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். ஜப்பானில் தகனோரி ஷிபதா 1993-ல் ஆரம்பித்து வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கியது, வெள்ளை ரோமம் போர்த்திய சீல் (கடல்நாய்) குட்டி. தடவினால் கண்ணை மூடித் திறக்கும், சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பும், குட்டி மாதிரி முனகும். 2009-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை மருத்துவக் கருவி வகையில் சேர்த்திருக்கிறது. எனக்கு இதில் சம்மதமே இல்லை. அம்மா அதை உயிருள்ள குட்டி என்று நம்பினால்தான் அந்த ஆறுதலே கிடைக்கும், அப்படியென்றால் நாம் கொடுப்பது ஏமாற்று. ராபர்ட் ஸ்பாரோ என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் 2002-லேயே ரோபோ நாய்களை வைத்து இதைத்தான் எழுதினார். உங்கள் கருத்து என்ன?

செவிலி72: நான் முதியோர் இல்லத்தில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஏமாற்று என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வலிக்கிறது. சாயங்காலம் ஆனால் ஒரு பாட்டி, வீட்டுக்காரர் வரும் நேரம் கதவைத் திறங்க என்று தட்டிக்கொண்டே இருப்பார். அவர் இறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்தச் செய்தியை அன்றுதான் முதல்முறை கேட்பது போல அழுவார், மறுநாளும் அதே அழுகை. அதனால், வருவார், அதுவரை காபி குடிங்க என்று சொல்லிவிடுகிறோம். இதைச் செய்கிற நான் ஒரு பொம்மையைக் கையில் கொடுக்க மட்டும் எதற்குத் தயங்க வேண்டும்?

கணக்கன்: ஆய்வு என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். பாரோ பற்றிய பெரிய சோதனை ஒன்றை 2017-ல் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் வெண்டி மொய்ல் குழு வெளியிட்டது. குயின்ஸ்லாந்தில் 28 காப்பகங்கள், டிமென்ஷியா உள்ள 415 பேர், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு இயங்கும் பாரோ, இன்னொன்றுக்கு அதே பாரோ ஆனால் ரோபோ இயக்கம் நிறுத்தப்பட்டு வெறும் பொம்மையாக, மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வாரத்துக்கு மூன்று முறை, 15 நிமிடம், 10 வாரம். வீடியோவில் பார்த்துக் கணக்கிட்டதில், வழக்கமான கவனிப்பை விட பாரோ மகிழ்ச்சியைக் கூட்டியது, பதற்றத்தைக் குறைத்தது. ஆனால் பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாளை வைத்துப் பார்த்தபோது மூன்று பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. வெறும் பொம்மையை விட பாரோ எதில் முந்தியது என்றால், அதை அதிகம் பார்த்தார்கள், அதனோடு அதிகம் பேசினார்கள். இதற்குச் சுமார் 6,000 டாலர் கொடுக்க வேண்டுமா? மடியில் வைக்க மெத்தென்று ஒன்று வேண்டுமென்றால் பஞ்சு பொம்மையே போதும் என்பது என் கட்சி.

செவிலி72: அதிகம் பேசினார்கள் என்பதைச் சும்மா தாண்டிப் போகாதீங்க சார். வாரக்கணக்கில் வாயே திறக்காதவர் ஒரு வார்த்தை பேசினால் அந்த இல்லமே அன்று அதைப் பற்றித்தான் பேசும். அப்புறம், ஏன் சீல் என்று யோசித்தீங்களா? ஷிபதா முதலில் பூனை ரோபோ செய்து பார்த்தார். ஜனங்களுக்கு நிஜப் பூனையைத் தெரியும், இது பூனை மாதிரி இல்லையே என்று ஒதுக்கினார்கள். சீலைத் தொட்டுப் பழகியவர்கள் குறைவு, அதனால் ஒப்பிட்டுக் குறை சொல்ல ஆளில்லை. யாரையும் நிஜ மிருகம் என்று நம்பவைக்க அதைச் செய்யவில்லை.

நெய்தல்: அக்கா, நீங்கள் சொன்னதே என் பயத்தைக் கூட்டுகிறது. ஒப்பிட முடியாத ஒன்றைத் தேடிக் கொடுப்பது சந்தேகத்துக்கே இடமில்லாமல் செய்வதுதானே? 1966-ல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் எலைசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார், நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை எழுதுவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு கொஞ்ச நேரம் பேசியதும், நீங்கள் வெளியே போங்கள், தனியாகப் பேச வேண்டும் என்றாராம். விவரம் தெரிந்தவருக்கே அப்படி என்றால் அம்மாவுக்கு? ஷெர்ரி டர்க்கிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாரோவை முதியோர் இல்லங்களுக்குக் கொண்டுபோனவர். மகனோடு உறவு கசந்துபோன ஒரு மூதாட்டி தன் துக்கத்தை அந்த சீலிடம் கொட்டியதையும், சுற்றி நின்றவர்கள் அதை வெற்றியாகப் பார்த்ததையும், பிறகு தனக்கு அது எவ்வளவு உறுத்தியது என்பதையும் எழுதியிருக்கிறார். அம்மா பேசுவாள் சரி, யாரிடம்?

கணக்கன்: நெய்தல் சொல்வதோடு இதையும் சேர்க்கிறேன். நான் மேலே சொன்ன சோதனையில் அந்த 15 நிமிடமும் உதவிக்கு ஆள் உட்காராமல், தனித்தனியாகத்தான் கொடுத்தார்கள். ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் நெருங்கியிருந்து கவனித்ததில், ரோபோக்களால் பணியாளர்களுக்கு வேலை குறையவில்லை, கூடியது. அங்கே தங்கியிருந்த ஒருவர் பாரோவின் ரோமத் தோலை உரிக்கப் பார்த்தார். இன்னொரு அம்மா அது பக்கத்தில் இல்லாமல் சாப்பிடவும் இல்லை, படுக்கப் போகவும் இல்லை.

செவிலி72: அது உண்மைதான், தனியாகக் கொடுத்துவிட்டு நகர்வதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டிக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டு, அதிலிருந்து அவர் சின்ன வயதில் வளர்த்த கன்றுக்குட்டி வரை பேச்சை இழுத்துக்கொண்டு போவேன், அந்தப் பேச்சுக்குத்தான் அது வேண்டும்.

நெய்தல்: சரி, 15 நிமிடம் முடிந்து நீங்கள் எழுந்திருக்கும்போது? மடியிலிருந்து அதை என்ன சொல்லி எடுப்பீர்கள்?

செவிலி72: தூக்கம் வந்துவிட்டது, படுக்க வைக்கிறேன் என்பேன்.

நெய்தல்: அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அக்கா என்னால் அம்மாவிடம் சொல்ல முடியாது. உங்கள் கையால் நடப்பது எனக்குப் புரிகிறது, தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா பக்கத்தில் பகல் முழுக்க உட்கார ஆளில்லை, வந்தால் அது தனியாகத்தான் அவள் மடியில் கிடக்கும். வேண்டாம், அந்தப் பணத்துக்கு ஓர் ஆளை வை என்று இன்று இரவு அண்ணனிடம் சொல்லப் போகிறேன்.

செவிலி72: ஆள் வைப்பதென்றால் காலையில் வேண்டாம் கண்ணு. சாயங்காலம் 4 மணியிலிருந்து 7 மணி வரை வரச் சொல்லு. எங்கள் இல்லத்தில் கதவைத் தட்ட ஆரம்பிப்பது அந்த நேரம்தான்.